பைன் ஊசியிலையில் அரை மில்லிமீட்டர் கிண்ணம்: பெயர் எங்கே முடிவாகிறது?

பைன் மரத்தடியில் பழுத்து விழுந்த ஊசியிலை ஒன்றை எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். இலையை நனைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவற்றில் சில புள்ளியே அல்ல, விளிம்போடு குழிந்த கிண்ண வடிவப் பூஞ்சைகள் என்று புரியும். படம் எடுத்துச் செயலியிடம் கேட்டால் ஒரு பெயர் வரும். வேறு கோணத்தில் எடுத்துக் கேட்டால் வேறு பெயர் வரும். விஷயம் தெரிந்தவரிடம் காட்டினாலோ பெயரே வராது, "எந்த மரம்? தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்களா? அயோடின் போட்டீர்களா?" என்று கேள்விகள்தான் வரும்.

அவர் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். இந்தக் கிண்ணப் பூஞ்சைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாதவை. வெள்ளையாக, முடியோடு, காம்பில்லாமல் இருக்கும் கிண்ணம் என்று சொன்னால் பல பேரினங்கள் அந்த வர்ணனைக்குள் வந்துவிடும். அவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள் செல் அளவில் இருக்கின்றன, அவற்றிலும் பாதி அந்தச் செல் உயிரோடு இருக்கும்வரைதான் தெரியும். அதனால் எதைப் பார்க்கிறோம் என்பதோடு எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் முடிவை மாற்றிவிடுகிறது. பல தவறான பெயர்களுக்குக் காரணம் கண் அல்ல, வரிசை.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

பெயர்கள் கொஞ்சம் புதிதாக இருக்கும். இந்த நான்கு போதும்:

1. ஆஸ்கஸ்: ஸ்போர், அதாவது பூஞ்சையின் விதை போன்ற வித்து, உருவாகும் குழல் வடிவப் பை. பெரும்பாலும் ஒன்றுக்குள் எட்டு ஸ்போர்கள் இருக்கும்.
2. பாராஃபைசிஸ்: ஆஸ்கஸ்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய இழைகள். இவற்றில் ஸ்போர் உருவாகாது, ஆனால் அடையாளத்துக்கு மிக முக்கியமானவை.
3. ஹைமெனியம்: ஆஸ்கஸும் பாராஃபைசிஸும் நெருக்கியடித்து நிற்கும் அடுக்கு. மேலே இருந்து பார்க்கும்போது கிண்ணத்தின் உள்பரப்பாகத் தெரிவது இதுதான்.
4. எக்ஸிபுலம்: கிண்ணத்தின் சுவர். முடி இருந்தால் இதிலிருந்துதான் முளைக்கும்.

முதிர்ந்த ஆஸ்கஸுக்குள் நீரழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நுனி திறந்து ஸ்போர்கள் வெளியே சுடப்படுகின்றன. அந்த நுனி எப்படித் திறக்கிறது என்பதில்தான் முதல் பெரிய பிரிவு. சிலவற்றில் நுனியில் ஒரு மூடி விலகித் திறக்கும். மற்றவற்றில் மூடி கிடையாது, மிக நுண்ணிய துளை வழியாக ஸ்போர் பிதுங்கி வெளியேறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மருந்தாளுநர் எமில் பூதியே இந்த வேறுபாட்டை வைத்துக் கிண்ணப் பூஞ்சைகளை இரண்டாகப் பிரித்தார். டி.என்.ஏ. வந்த பிறகும் அந்தக் கோடு பெருமளவு நிற்கிறது என்பது அவருடைய கண்ணுக்குக் கிடைத்த பெருமைதான்.

ஊசியிலைகளில் வாழும் சிறு கிண்ணங்களில் பெரும்பான்மை துளை வகை. மூடி வகையும் உண்டு. பைன் ஊசியிலையில் விளிம்பெல்லாம் கருமுடியோடு வரும் டெஸ்மாசியரெல்லா அசிகோலா ஒன்று. ஜூனிபர், சைப்ரஸ் செதில் இலைகளில் ஆரஞ்சு நிறத்தில் வரும் பித்யா குப்ரெஸினா இன்னொன்று. பித்யாவின் ஸ்போர் முழு உருண்டை. ஆரஞ்சுக் கிண்ணம், உருண்டை ஸ்போர், சைப்ரஸ் குடும்ப மரம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி மரம்

இந்தப் பூஞ்சைகளில் பல ஒரே மரப் பேரினத்தையோ, சில சமயம் ஒரே இனத்தையோ பிடித்துக்கொண்டு வாழ்பவை. ஆகவே "ஊசியிலை மரம்" என்று பொதுவாகக் குறித்துக்கொண்டால் பாதித் தகவல் போய்விட்டது. கிளையோடு இருந்தால் மரத்தைச் சொல்வது சுலபம். பைனில் இலைகள் இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ ஒரே அடியுறையில் சேர்ந்து நிற்கும். ஸ்புரூஸ் இலை தனித்தனியாக இருக்கும். உதிர்ந்த இடத்தில் கிளையில் சிறு முளை நிற்கும். இலையை விரலிடையில் உருட்டினால் நான்கு பட்டை தெரியும். ஃபிர் இலை தட்டையாக இருக்கும், உதிர்ந்த தழும்பு வட்டமாக மழமழவென்றிருக்கும். லார்ச் குளிர்காலத்தில் இலையை முழுக்க உதிர்த்துவிடும்.

கையில் இருப்பது உதிர்ந்த ஒற்றை பைன் இலை என்றால்? அதையும் பிளேடால் குறுக்கே சீவிப் பார்க்கலாம். இரண்டிலைப் பைன் என்றால் வெட்டுமுகம் அரைவட்டமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு அரைவட்டம் சேர்ந்துதான் அந்த உருளை. மூன்றிலை, ஐந்திலைப் பைன்களில் ஆப்பு வடிவில் முக்கோணமாக இருக்கும். நடுவே உள்ள குழாய்த்திசுவையும் பாருங்கள். ஐந்திலைப் பைன்களில் ஒரே கற்றை இருக்கும். ஸ்காட்ஸ் பைன், இமயமலைச் சிர் பைன் போன்றவற்றில் இரண்டு கற்றைகள். பூஞ்சைக்காக எடுத்த அதே நுண்ணோக்கி மரத்தையும் சொல்லிவிடுகிறது.

இங்கே நம் ஊருக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு மலைகளில் பைன் இயற்கையாக வளர்ந்ததல்ல. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டவற்றில் ஒன்றான பைனஸ் பாட்டுலா மெக்சிகோவைச் சேர்ந்தது. அடையாளக் குறிப்பேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய மரங்களை, குறிப்பாக ஸ்காட்ஸ் பைனை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொடைக்கானல் ஊசியிலையில் கிடைத்த பூஞ்சை மரத்தோடு கடல் கடந்து வந்ததாக இருக்கலாம், உள்ளூர்ப் பூஞ்சை புதிய இலைக்குத் தாவியதாகவும் இருக்கலாம். "இதுதான் நெருக்கமாக இருக்கிறது" என்று ஐரோப்பியப் பெயரை ஒட்டிவிடும் ஆசையை இங்கே கொஞ்சம் அடக்கி வைப்பது நல்லது.

கிண்ணமா, பிளவா?

ஸ்லைடு போடுவதற்கு முன் கைலென்ஸிலேயே தீர்க்க வேண்டிய விஷயம் இது. ஊசியிலையின் மேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணம் வேறு. தோலுக்கு அடியில் வளர்ந்து தோலைப் பிளந்துகொண்டு திறப்பது வேறு.

லோஃபோடெர்மியம் பேரினம் இரண்டாம் வகை. காய்ந்திருக்கும்போது பளபளப்பான கறுப்பு நீள்வட்டமாக இருக்கும், நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. நனைந்தால் அந்தக் கோடு விரிந்து உள்ளே வெளிர்நிற ஹைமெனியம் தெரியும். சைக்ளனியுஸ்மா மைனஸ் இன்னும் ஏமாற்றும். காய்ந்த இலையில் அது கிட்டத்தட்ட இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. நனைத்தால் வீங்கி, மேல்தோலை இரண்டு ஜன்னல் கதவு போலத் திறந்துகொண்டு வெளிறிய மஞ்சளில் எட்டிப்பார்க்கும். இந்த இரண்டிலுமே ஸ்போர்கள் நூல்போல் நீண்டவை. லோஃபோடெர்மியத்தில் நீளம் 100 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டியிருக்கும், அகலமோ 2 மைக்ரான் அளவுதான். மேலே உட்கார்ந்திருக்கும் சிறு வெள்ளைக் கிண்ணங்களில் ஸ்போர் பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரே ஒரு ஸ்போரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதல் ஸ்லைடு வெறும் தண்ணீரில்

மொத்த வேலையில் அதிகம் கவனம் வேண்டியது இந்தக் கட்டத்துக்குத்தான். கல்லூரி ஆய்வகங்களில் பூஞ்சை என்றாலே லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயம் என்று பழக்கப்படுத்தியிருப்பார்கள். அல்லது காய்ந்த மாதிரி மென்மையாகட்டும் என்று எடுத்தவுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் போடுவார்கள். இரண்டுமே செல்லைக் கொன்றுவிடும். செத்த செல்லில் என்னவெல்லாம் போய்விடுகிறது?

1. பாராஃபைசிஸுக்குள் இருக்கும் ஒளிவிலகல் உடல்கள். உயிருள்ள செல்லின் நீர்க்குமிழிகளுக்குள் சில இனங்களில் ஒரு பொருள் நிறைந்திருக்கும். அது தண்ணீரில் கண்ணாடி போல மினுங்கும். நுனியில் மட்டும் இருக்கிறதா, இழை முழுக்க நீண்டிருக்கிறதா, துண்டு துண்டாக உருண்டிருக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா என்பது இனத்துக்கு இனம் மாறும். காரக் கரைசல் பட்ட நொடியில் அது மறைந்துவிடும். சில இனங்களில் மறையும்போது மஞ்சளாகக் கசியும், அதுவும் ஒரு அடையாளம்தான். ஆனால் முன்பு இருந்ததைப் பார்த்திருந்தால்தான் மறைந்ததைக் குறிக்க முடியும்.

2. ஸ்போருக்குள் இருக்கும் எண்ணெய்ச் சொட்டுகள். முனைக்கு ஒன்றாகப் பெரிதாக இருக்கின்றனவா, நிறையப் பொடியாக இருக்கின்றனவா, ஒன்றுமே இல்லையா என்பதை உயிருள்ள ஸ்போரில் பார்க்க வேண்டும். செத்த ஸ்போரில் பல சொட்டுகள் கலந்து ஒரே சொட்டாகிவிடும். "ஒரு பெரிய சொட்டு" என்று எழுதிவைத்தால் குறிப்பேடு தவறான கிளைக்கு அழைத்துக்கொண்டு போகும்.

3. ஆஸ்கஸின் உண்மையான அளவு. உயிருள்ள முதிர்ந்த ஆஸ்கஸ் அழுத்தத்தால் விறைத்து, பாராஃபைசிஸுக்கு மேலே தலையை நீட்டியிருக்கும். செத்தால் சுருங்கும். நுனிச் சுவரின் தடிப்பும் வடிவமும்கூட மாறும்.

ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் ஹான்ஸ்-ஓட்டோ பாரல் 1992-இல் இதை ஒரு முழு வாதமாகவே முன்வைத்தார்: உலர்த்திச் சேமித்த, செத்த ஹெர்பேரிய மாதிரிகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட வர்ணனைகள் அடையாளத்தின் பெரும்பகுதியைத் தவறவிட்டவை என்று. அவர் சொல்வதைப் பின்பற்றினால் வேலை கூடும். ஆனால் தண்ணீர் ஸ்லைடு ஒன்றைப் போட்டுப் பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள்.

செய்முறை கடினமில்லை. மூடியுள்ள சிறு டப்பாவில் ஈர டிஷ்யூ பேப்பர் விரித்து ஊசியிலையை வைத்தால் சில மணி நேரத்தில் கிண்ணங்கள் விரியும். பல இனங்கள் உலர்ந்து கிடந்தாலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் கொண்டுவரும் வழியில் காய்ந்துவிட்டால் பதற வேண்டாம். விரிந்த கிண்ணத்துக்கு மேலே, தொடாமல், ஒரு கவர் ஸ்லிப்பைக் கவிழ்த்து வைத்தால் ஸ்போர்களை அதுவே சுட்டு ஒட்டவைக்கும். அப்படிச் சுடப்பட்ட ஸ்போர்தான் முதிர்ந்த ஸ்போர் என்று உறுதியாகச் சொல்லலாம், அளவெடுக்க அதைவிட நல்லது கிடையாது.

அப்புறம் கிண்ணத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை நுனி கூர்மையான ஊசியால் எடுத்து, தண்ணீர்ச் சொட்டில் வைத்து, கவர் ஸ்லிப் போட்டு, பென்சில் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டினால் ஆஸ்கஸ்கள் பிரிந்து கிடக்கும். பலமாக அழுத்தினால் எல்லாம் செத்துக் குழம்பாகிவிடும். உயிரோடு இருக்கின்றனவா என்று எப்படித் தெரியும்? ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு ஆஸ்கஸ் சட்டென்று ஸ்போர்களைக் கக்கிவிட்டுச் சுருங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அயோடின்: ஒரே வளையம், மூன்று பதில்

துளை வகை ஆஸ்கஸ்களில் பலவற்றின் நுனியில் ஒரு வளையம் உண்டு. அளவு ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் எல்லை, நல்ல எண்ணெய் லென்ஸில்கூட, 0.25 மைக்ரானை ஒட்டித்தான். ஆகவே இந்த வளையத்தை நிறமேற்றாமல் பார்ப்பது கஷ்டம். அயோடின் அதைச் சாயமேற்றிக் காட்டும். நீலமாகிறதா இல்லையா என்பது நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படும் அடையாளம்.

குழப்பம் வந்தது எந்த அயோடின் கரைசல் என்பதில். செக் நாட்டு வாக்லாவ் மெல்ஸர் 1924-இல் ருசுலா காளான்களின் ஸ்போருக்காகப் பரிந்துரைத்த கரைசல் பூஞ்சையியலில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அதில் அயோடினோடு குளோரல் ஹைட்ரேட்டும் உண்டு. லூகோல் கரைசலிலோ அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் தண்ணீரும் மட்டும்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நீண்ட காலம் நினைத்தார்கள். ஒன்றில்லை என்று 1987-இல் பாரல் காட்டினார். வளையங்கள் மூன்று விதம்:

1. எந்த அயோடினிலும் நீலமாவது.
2. லூகோலில் செங்கல் சிவப்பாவது. அதே ஆஸ்கஸைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்துக் கழுவிவிட்டு லூகோல் கொடுத்தால் நீலமாகும். மெல்ஸர் கரைசலை நேரடியாகக் கொடுத்தால் எந்த நிறமும் காட்டாது.
3. எதைக் கொடுத்தாலும் நிறமே ஏறாதது.

இரண்டாவது வகைதான் பிரச்சினை. மெல்ஸரை மட்டும் வைத்திருந்தவர் அதை "எதிர்வினை இல்லை" என்று எழுதிவிடுவார். முன்னாலேயே காரத்தில் ஊறவைத்தவர் "நீலம்" என்று எழுதுவார். லூகோலை நேராகக் கொடுத்தவர் "சிவப்பு" என்று எழுதுவார். மூவரும் ஒரே பூஞ்சையைப் பார்த்து, மூவரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்! பழைய வர்ணனைகளில் "அயோடின்: இல்லை" என்ற வரியைப் பார்த்தால், எந்தக் கரைசல், காரம் கொடுத்தார்களா என்று கேட்காமல் நம்பக்கூடாது.

நடைமுறையில் தண்ணீர் ஸ்லைடின் ஒரு ஓரத்தில் லூகோல் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து உறிஞ்ச விட்டால், கரைசல் மெதுவாக உள்ளே போகும். அப்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். சில இனங்களில் கரைசல் நீர்த்திருக்கும்போது நீலமும் செறிவாகும்போது சிவப்பும் வரும். முழுக்கச் செறிந்த பிறகு வந்து பார்ப்பவருக்குச் சிவப்பு மட்டும்தான் கிடைக்கும். வீட்டில் இருக்கும் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். அதில் அயோடின் பாலிமரோடு பிணைந்திருக்கிறது, அதை நம்பி முடிவு எழுத முடியாது. லூகோல் ஒன்றும் விலையுயர்ந்த பொருளல்ல.

கிண்ணம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால் வரிசை இதுதான்: தண்ணீர், பிறகு லூகோல், கடைசியாகக் காரம். திருப்பிச் செய்தால் முதல் இரண்டும் பறிபோகும்.

முடி, சுவர், அளவு

வெள்ளைக் கிண்ணங்களில் முடிதான் அடுத்த சாட்சி. லாக்னம் பேரினத்தில் முடி நீளமாக, குறுக்குச் சுவர்களோடு, மேலெல்லாம் பொடித் துகள் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். பாராஃபைசிஸ் ஈட்டிமுனை வடிவில் ஆஸ்கஸைத் தாண்டி நிற்கும். ஹயலோஸைஃபாவில் முடி வழவழப்பாக, நுனி நோக்கிக் கூராகும். பைன் ஊசியிலையில் வரும் சிஸ்டெல்லா அகூவத்தில் முடி குட்டையாக, நுனி சற்றே பருத்து, அந்தப் பருத்த இடத்தில் மட்டும் நுண்பருக்களோடு இருக்கும். இந்த மூன்றையும் வெறுங்கண்ணால் பார்த்தால் மூன்றுமே "வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக" இருக்கும், அவ்வளவுதான். முடியின் மேலிருக்கும் துகள் காரத்தில் கரைகிறதா என்பதையும் கடைசி ஸ்லைடில் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரைப் பார்க்க நெட்டுக்குத்தாகச் சீவல் வேண்டும். ஊசியிலைத் துண்டைக் கேரட் துண்டின் பிளவில் செருகி, புது பிளேடால் இலையோடு சேர்த்துச் சீவுவதுதான் சுலபம். சுவரின் செல்கள் உருண்டையா, கோணமா, செங்கல் அடுக்கு போன்ற நீள்சதுரமா, பசைக்குள் புதைந்த இழையா என்று பிரித்துச் சொல்ல ஸ்வீடனின் ஸ்டார்பேக் 1895-இல் வகுத்த பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

அளவெடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்வில்லையில் இருக்கும் அளவுகோலை, ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக, மேடை அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மேடை அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் நூறாகப் பிரிந்திருக்கும், ஆக ஒரு கோட்டுக்குப் பத்து மைக்ரான். இருபது முப்பது ஸ்போர்களை அளந்து வீச்சை எழுதுங்கள். ஒரு ஸ்போரின் அளவு ஒன்றையும் நிரூபிக்காது. அகலம் இரண்டு மைக்ரான் இருக்கும் ஸ்போரில் அரை மைக்ரான் பிழை என்பது கால்பங்குப் பிழை, இதை மறந்துவிட்டுத்தான் பலர் புதிய இனம் கண்டதாக நம்புகிறார்கள்.

பெயர் தப்பினால் என்ன ஆகும்?

உதிர்ந்த இலையை மக்கவைக்கும் பூஞ்சைக்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று கேட்கலாம். லோஃபோடெர்மியத்தைப் பாருங்கள். பைன் ஊசியிலையில் வருவதையெல்லாம் நீண்ட காலம் லோஃபோடெர்மியம் பினாஸ்ட்ரி என்ற ஒரே பெயரில் அழைத்தார்கள். ஒரு சாரார் அது நாற்றங்கால் கன்றுகளின் இலையைக் கொல்கிறது என்றார்கள். இன்னொரு சாரார் அது கிழட்டு இலையில் வரும் தீங்கில்லாத பூஞ்சை என்றார்கள். 1978-இல் மின்டர், ஸ்டேலி, மில்லர் மூவரும் நோய் உண்டாக்குவதைத் தனியாகப் பிரித்து லோஃபோடெர்மியம் செடிடியோசம் என்று பெயரிட்டார்கள். இரு சாராரும் சொன்னது சரிதான், பார்த்த பூஞ்சைதான் வேறு வேறு.

இரண்டையும் பிரிப்பது எப்படி? பினாஸ்ட்ரி வந்த இலையில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் நிறைய ஓடும்; பிளவின் உதடு பல சமயம் சிவப்பாக இருக்கும். செடிடியோசத்தில் அந்தக் கோடுகள் குறைவு, அல்லது இல்லவே இல்லை. உதடு பச்சை கலந்தோ சாம்பலாகவோ இருக்கும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதால் குறுக்குச் சீவல். பினாஸ்ட்ரியில் கறுப்பு உடலுக்கு அடியில் இலையின் மேல்தோல் செல்கள் சில சிக்கிக் கிடக்கும். செடிடியோசம் மேல்தோலுக்கு முழுக்கக் கீழே உருவாவதால் அடியில் அப்படி எதுவும் இருக்காது, எல்லாச் செல்லும் மேலேதான். கிறிஸ்துமஸ் மரத்துக்காக ஸ்காட்ஸ் பைன் வளர்ப்பவருக்கு, மருந்து தெளிப்பதா வேண்டாமா என்ற கேள்வி இந்த ஒரு சீவலில் தொங்குகிறது.

சைக்ளனியுஸ்மா மைனஸும் இப்படித்தான். பழைய இனம் ஒன்றோடு கலந்து கிடந்ததை 1973-இல்தான் பூட்டின் தனியாகப் பிரித்தார். நியூசிலாந்தின் ரேடியேட்டா பைன் தோட்டங்களில் இலையுதிர்வை உண்டாக்குவது இது. டக்ளஸ் ஃபிர் மரத்தில் வரும் ரப்டோகிளைன் சூடோட்சுகே என்ற பூஞ்சை வேறொரு பாடம் சொல்கிறது. அதன் ஸ்போர் ஆஸ்கஸுக்குள் நிறமில்லாத ஒற்றைச் செல். வெளியே வந்த பிறகு நடுவில் சுவர் விழுந்து, ஒரு பாதி மட்டும் கரும்பழுப்பாகும். ஆஸ்கஸுக்குள் இருப்பதை மட்டும் வரைந்தவரும் வெளியே கிடப்பதை மட்டும் வரைந்தவரும் இரண்டு பூஞ்சைகளை வரைந்ததாகவே தோன்றும்.

ஊசியிலையை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. ஐரோப்பாவில் ஆஷ் மரங்கள் 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் காய ஆரம்பித்தன. 2006-இல் காரணமான பூஞ்சைக்குச் சலாரா ஃப்ராக்ஸினியா என்ற பெயர் வந்தது. அதன் கிண்ண நிலை, ஆஷ் இலைக்காம்புகளில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த அப்பாவிப் பூஞ்சையான ஹைமெனோஸைஃபஸ் அல்பிடஸ்தான் என்று 2009-இல் கருதினார்கள். சாதுவான பூஞ்சை திடீரென்று கொலைகாரனானது எப்படி என்று எல்லோரும் திகைத்தார்கள். 2011-இல் டி.என்.ஏ. இரண்டும் வேறு என்று காட்டியது. கிழக்காசியாவிலிருந்து வந்த அந்தப் பூஞ்சைக்கு இன்றைய பெயர் ஹைமெனோஸைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ்.

அதற்கப்புறம் நுண்ணோக்கியில் தேடியபோது வேறுபாடு கண்ணெதிரே இருந்தது. ஃப்ராக்ஸினியஸின் ஆஸ்கஸ்கள் ஒவ்வொன்றும் அடியில் கொக்கி வடிவச் செல்லிலிருந்து முளைக்கின்றன. அல்பிடஸில் அந்தக் கொக்கி கிடையாது, சாதாரணக் குறுக்குச் சுவர்தான். காங்கோ ரெட் சாயமேற்றி ஆஸ்கஸின் அடியைப் பார்த்தால் எவருக்கும் தெரியக்கூடியது. ஆனால் வழக்கமான வர்ணனைகளில் ஆஸ்கஸின் நுனியைப் பற்றித்தான் எழுதுவார்கள், அடியைப் பற்றி எழுத மாட்டார்கள். ஊசியிலைக் கிண்ணங்களுக்கும் இந்தக் கொக்கி நல்ல அடையாளம்தான். குறிப்பில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

டி.என்.ஏ. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ஐ.டி.எஸ். எனும் டி.என்.ஏ. பகுதியைப் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக 2012-இல் முன்மொழிந்தார்கள், இன்று அது எல்லா இடத்திலும் பயன்படுகிறது. ஆனால் ஊசியிலையில் அதற்கு ஒரு வழுக்கல் உண்டு. பச்சையாக, ஆரோக்கியமாக இருக்கும் பைன் இலைக்குள்ளேயே லோஃபோடெர்மியம் உள்ளிட்ட பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருக்கின்றன. அரை மில்லிமீட்டர் கிண்ணத்தை இலையோடு சேர்த்துச் சுரண்டி அனுப்பினால், வந்து சேரும் டி.என்.ஏ. வரிசை கிண்ணத்தினுடையதா குடித்தனக்காரனுடையதா என்று தெரியாது. இன்னொன்று, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் வரிசைக்கும் யாரோ ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். அவர் மெல்ஸரை மட்டும் வைத்துக்கொண்டு பெயரிட்டவராகவும் இருக்கலாம். ஸ்லைடும் வரிசையும் ஒன்றையொன்று சரிபார்த்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

எங்கே நிறுத்துவது?

எல்லாச் சோதனையும் செய்த பிறகும் இனப்பெயர் கிடைக்காமல் போவது இந்தத் துறையில் சாதாரணம். "லாக்னம், இனம் தெரியவில்லை" என்பது முழுமையான விடை. அதைவிட மோசமானது, முடியைப் பார்க்காமல் எழுதிய முழுப்பெயர்.

மாதிரியை வெயிலில் காட்டாமல் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் பூசணம் பிடித்துவிடும். உறையின் மேல் மரத்தின் பெயர், ஓரடியுறையில் எத்தனை இலை, இலை மரத்தில் இருந்ததா தரையில் கிடந்ததா, இடம், உயரம், தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். கூடவே தண்ணீர் ஸ்லைடின் ஓவியமோ படமோ ஒன்று. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அது தண்ணீரில் எடுத்ததா காரத்தில் எடுத்ததா, செல் உயிரோடிருந்ததா செத்ததா என்று குறித்திருக்க வேண்டும். அயோடினுக்கு எதிரே "லூகோல், காரமில்லாமல்: சிவப்பு; காரத்துக்குப் பின்: நீலம்" என்று முழுக்க எழுதுங்கள். வெறுமனே "அயோடின்: நீலம்" என்று எழுதிய உறையை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதையும் ஒப்பிட முடியாது.